பட்டுப்புழு வளர்க்கும் மாணவிக்கு எந்த விருது?

பட்டுப்புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலாண்டுத் தேர்வும் கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரிப் பக்கம் புழு வளர்க்கிற வீட்டில் பிறந்த பதினோராம் வகுப்பு மாணவி, விடியலில் மல்பெரித் தண்டுகளை அறுத்துப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறாள். மாலையில் வந்ததும் மறுபடியும் தழை. புழு நான்கு முறை தோல் உரிக்கும். உரிக்கும் நேரத்தில் தழை போடக் கூடாது, சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர்வாக வைக்க வேண்டும். கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில், சுமார் ஒரு வாரத்துக்குள், தன் வாழ்நாளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்கை அது தின்று தீர்க்கும். அந்த வாரம் வீட்டில் ஒருவருக்கும் சரியான தூக்கம் இருக்காது. புழு வளர்க்கும் மனையில் வெப்பம் ஏறினால் ஈரச் சாக்கு கட்டுவது, பால்புழு நோய் கண்ட புழுவைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது, கூட்டைத் தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோவதா, எல்லை தாண்டி ராமநகரத்துக்குக் கொண்டுபோவதா என்று விலை விசாரித்து அப்பாவுக்குச் சொல்வது - எல்லாவற்றிலும் அவள் கை இருக்கிறது.

இந்தப் பெண் ஒரு விருதுக்கு விண்ணப்பிக்க நினைத்தால் எங்கே போவாள்? இருக்கிற வாய்ப்புகளைப் பார்ப்போம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் ‘இன்ஸ்பயர் - மானக்’ விருதுக்குப் பள்ளிதான் இணையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். தேர்வானால் மாதிரி செய்து காட்டுவதற்காக மாணவரின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் வரும். அங்கே கேட்கப்படுவது புதிய யோசனை. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் உழைப்பால் வேர்விட்டது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் அது ஓர் ஆய்வைக் கேட்கிறது. பிரதமரின் ராஷ்ட்ரீய பால புரஸ்காருக்கு யாருடைய பரிந்துரையும் இல்லாமல் தாமே விண்ணப்பிக்கலாம். வீரம், சமூக சேவை, சுற்றுச்சூழல், விளையாட்டு, கலை-பண்பாடு, அறிவியல்-தொழில்நுட்பம் என்று அதில் பிரிவுகள். வேளாண்மைக்குப் பிரிவு இல்லை. தமிழக அரசின் பெருந்தலைவர் காமராஜர் விருது, தமிழ்வழியில் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு 10,000 ரூபாயும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு 20,000 ரூபாயும் என்று வகுக்கப்பட்டது. மதிப்பெண்ணோடு கலை, இலக்கியம், விளையாட்டு ஆகியவற்றில் காட்டும் திறனையும் அது கணக்கில் எடுக்கிறது. மூன்று பருவம் தொடர்ந்து நோய் அண்டாமல் கூடு எடுத்த திறன் இந்தப் பட்டியலில் எங்கே வரும்?

இந்த விருதுகள் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், தெருவில் கரி மூட்டித் துணி தேய்ப்பவரைப் பார்த்துச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த மாணவி வினிஷா உமாசங்கர் விருதுகளால் வெளியுலகுக்குத் தெரிந்தவர். 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். விண்ணப்பம் ஒன்று ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் அறிவியல் விருதுகள் எல்லாம் புதுமையைத் தேடுகின்றன. வேளாண்மையில் சாதனை பெரும்பாலும் வேறு விதமானது. பத்தாயிரம் பேர் செய்கிற வேலையை ஒருத்தி இன்னும் கவனமாக, இன்னும் குறைந்த சேதத்தோடு, பருவம் தவறாமல் செய்கிறாள். அதைப் புதுமை என்று சொல்ல முடியாது. சாதனை இல்லை என்றும் சொல்ல முடியாது. நம்மிடம் இல்லாதது இந்த இரண்டாவது வகைக்கான விருது. அதனால்தான் விவசாய வீட்டுப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு வரும்போது தம் நிலத்தை விட்டுவிட்டு, காணொளியில் பார்த்த தானியங்கித் தெளிப்பானின் அட்டை மாதிரியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தமக்கு நன்றாகத் தெரிந்ததை மறைத்துவிட்டு, அரைகுறையாகத் தெரிந்ததைக் காட்டும்படி நாம்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

இந்தக் குறையை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்த நாடு அமெரிக்கா. 1917-இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் மூலம் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் தொழில்முறை வேளாண் கல்வி வந்தது. 1928 நவம்பரில் கான்சஸ் சிட்டியில், 18 மாநிலங்களிலிருந்து வந்த 33 மாணவர்கள் கூடி ‘அமெரிக்காவின் வருங்கால உழவர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று எஃப்.எஃப்.ஏ. என்றே அறியப்படும் அதில் பத்து லட்சம் மாணவர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். நமக்குப் பயன்படும் செய்தி அந்த எண்ணிக்கை அல்ல, விருது கொடுக்கும் முறை. மாணவர் ஒவ்வொருவரும் பள்ளிப் பாடத்தோடு சேர்த்து ஒரு வேளாண் வேலையைத் தன் பொறுப்பில் நடத்த வேண்டும். ஆசிரியர் வந்து பார்ப்பார். எத்தனை மணி நேரம் உழைத்தார், எவ்வளவு போட்டார், எவ்வளவு வந்தது, எங்கே தவறியது, அடுத்த பருவத்தில் எதை மாற்றினார் என்று மாணவர் கணக்கேட்டில் எழுதிக்கொண்டே வருகிறார். விருதுக்கான விண்ணப்பம் என்பது அந்தக் கணக்கேட்டின் சாரம். ஒரே நாள் இரவில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. எழுதிக் கொடுக்க வேறொருவரை அமர்த்தவும் முடியாது. நேர்காணலில் கேட்கும் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. சொந்தமாகப் பயிரோ கால்நடையோ வைத்திருப்பவருக்கு ஒரு வகை. பிறருடைய பண்ணையில், நாற்றங்காலில், கால்நடை மருத்துவமனையில் வேலை செய்து கற்றவருக்கு இன்னொரு வகை. நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் வேளாண் சாதனையாளர் ஆகலாம் என்பதை விண்ணப்பப் படிவமே ஒப்புக்கொள்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பேரிகை, பாகலூர், அமுதகொண்டப்பள்ளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ரோஜாவும் ஜெர்பெராவும் வளர்ப்பவர்களில் எத்தனை பேர் கூலிக்குப் போகிறவர்கள்! காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ‘தாஜ்மகால்’ ரகச் சிவப்பு ரோஜாவின் காம்பு எத்தனை சென்டிமீட்டர் இருந்தால் எந்தத் தரம், மொட்டு எந்த அளவு விரிந்தபோது வெட்ட வேண்டும், வெட்டிய பூ எவ்வளவு நேரத்துக்குள் குளிர் அறைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தொழிலாளியின் மகளுக்கும் தெரியும். அவள் பேரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. நாளை நாம் இங்கே ஒரு விருது ஏற்படுத்தி, படிவத்தில் ‘சர்வே எண்’ என்று ஒரு கட்டத்தை வைத்துவிட்டால் அவள் முதல் வரியிலேயே வெளியேற்றப்படுவாள்.

அமெரிக்க அமைப்பின் வரலாறு முழுவதும் பெருமைக்குரியது அல்ல. அதையும் சொல்ல வேண்டும். இனப் பாகுபாடு நிலவிய தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களை அது சேர்க்கவில்லை. அவர்கள் ‘நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்று தனி அமைப்பு நடத்தினார்கள். 1965-இல்தான் இரண்டும் இணைந்தன. பெண்களுக்கு முழு உறுப்பினர் தகுதி கிடைத்தது 1969-இல். பாலைக் கறந்தவர்களும் கோழிகளை வளர்த்தவர்களும் பெரும்பாலும் பெண்களாக இருந்தும், விருது மேடையில் நாற்பது ஆண்டுகள் ஆண்களே நின்றார்கள். விருது என்பது யாரைக் கூப்பிடுகிறது என்பதைப் போலவே யாரைக் கூப்பிடாமல் விடுகிறது என்பதாலும் ஒரு சமூகத்தை உருவாக்குகிறது. ஜப்பான் இந்த அமைப்பைப் பார்த்து 1950-இல் தன் பள்ளிகளுக்கு வேளாண் மன்றங்களின் கூட்டமைப்பை உருவாக்கிக்கொண்டது. நாம் அதே யோசனையின் பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட்டோம்.

எடுத்துக்கொண்ட பாதி எது? 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதில் வேளாண்மையும் ஒன்று. கோத்தாரி கல்விக் குழு கனவு கண்டபடி, படிக்கும்போதே தொழில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உருவாக வேண்டும் என்பது நோக்கம். பள்ளி நிலத்தில் பாத்தி கட்டி, விதை நேர்த்தி செய்து, செய்முறைத் தேர்வுக்கு உரங்களை அடையாளம் கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை இந்த மாவட்டத்திலும் இருக்கிறது. பிறகு ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்கள் பல பள்ளிகளில் நிரப்பப்படவில்லை. ஆசிரியர் இல்லாத பிரிவு தானாக மூடிக்கொண்டது. எஞ்சியிருக்கும் பிரிவுகளில் சேருபவர்களை ‘மதிப்பெண் குறைந்தவர்கள்’ என்று பார்க்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. உண்மையில் அந்தப் பிரிவில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு உண்டு. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வேளாண் படிப்பிலும் 7.5 சதவீத இடம் இருக்கிறது. கல்லூரிக் கதவு திறந்திருக்கிறது. கதவு வரை போகும் ஊக்கத்தைப் பள்ளிப் பருவத்தில் யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

வயலில் நடந்த வேலையை அளந்து பரிசு கொடுக்க அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. நெல்லில் மாநிலத்திலேயே அதிக மகசூல் எடுப்பவருக்கு சி.நாராயணசாமி நாயுடு பெயரில் 5 லட்சம் ரூபாய் விருது கொடுக்கப்படுகிறது. பயிர் விளைச்சல் போட்டியில் பெயர் கொடுத்த உழவரின் வயலுக்கு அதிகாரிகள் நேரில் வந்து, கண் முன்னே அறுத்து, தூற்றி, எடை போட்டு எழுதுகிறார்கள். பேச்சுத் திறமைக்கு அங்கே மதிப்பெண் இல்லை. தராசு சொல்வதே முடிவு. இதே வழிமுறையை மாணவர்களுக்குச் சுருக்கிக் கொண்டுவர ஒரு புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. பள்ளிக்கல்வித் துறை 2022 முதல் நடத்தும் கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடும் கைவசம் இருக்கிறது.

விருதுக்கு முன்னால் வேண்டியது கணக்கேடு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, செய்த வேலை, எவ்வளவு நேரம், என்ன செலவு, என்ன பார்த்தேன், யாரிடம் கேட்டேன், என்ன முடிவு எடுத்தேன். இவ்வளவுதான். புழு வளர்க்கும் பெண் தன் நோட்டில் எழுதும்போது, காலை மாலை வெப்பநிலையும் ஈரப்பதமும் வரும். முட்டைத் தொகுதி எத்தனை வாங்கினோம், நூறு தொகுதிக்கு எத்தனை கிலோ கூடு வந்தது, கிலோ என்ன விலைக்குப் போனது என்பது வரும். சென்ற முறை சுண்ணாம்புக்கட்டி நோய் வந்தது மழை நாளில் என்பதும், இந்த முறை மனையைக் கிருமி நீக்கம் செய்த தேதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டு பருவம் எழுதினாலே அவளுக்கே ஒன்று தெரிய வரும்: வீட்டில் ‘ராசி இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த இழப்புக்குக் காரணம் இருந்திருக்கிறது. அந்தக் கணத்தில் அவள் படித்தது வேளாண் அறிவியல். விருது வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் படிப்பு அவளுடையது.

நம் மாவட்டத்தைப் போலக் கணக்கேட்டுக்கு விதவிதமான விஷயம் தரும் நிலம் தமிழகத்தில் அதிகம் இல்லை. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியில், மேற்கே ஓசூர் மேட்டு நிலத்தில் குளிர்காலக் காய்கறியும் பூவும். கிழக்கே போனால் மாந்தோப்பு. தெற்கே அஞ்செட்டி மலைப்பக்கம் மானாவாரி ராகி. ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் பெட்டி விலை ஒரே மாதத்தில் ஏறி இறங்குவதைப் பார்க்கும் பையன், 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளி பிறகு சாலையோரம் கொட்டும் நிலைக்கு வந்ததை எந்தப் பொருளாதாரப் பாடத்திலும் படிக்க வேண்டியதில்லை. தன் அப்பாவின் கையெழுத்தில் சந்தைச் சீட்டாகவே வைத்திருக்கிறான். அதை ஒட்டி வைத்து, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, கமிஷன் கழித்து எழுதினால் அதைவிடச் சிறந்த ஆய்வு எது?

தளி, ஜவளகிரி, சானமாவு காட்டோரத்துப் பிள்ளையின் கணக்கு இன்னும் வேறு. ராகி கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்குகின்றன. பரண் மேல் இரவுக் காவல் இருக்கும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பையனுக்கு எந்த வழியாக வந்தன, எந்த வயலை மிதித்தன, எந்தப் பயிரைத் தொடாமல் போயின என்பது துல்லியமாகத் தெரியும். மூன்று ஆண்டுகள் அவன் எழுதி வைத்தால் வனத்துறையும் வேளாண் துறையும் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஆவணம் அது. இழப்பீடு கேட்டு மனு எழுதும்போதும் உதவும்.

மாங்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பெங்களூரா ரகத்தின் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகிறது. விலையை ஆலை வாசலில்தான் தெரிந்துகொள்கிறோம். 2025 கோடையில் அந்த விலை சரிந்தபோது பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. அந்தத் தோப்புகளில் வளரும் பிள்ளைகள் பூக்கும் தேதி, தத்துப்பூச்சி வந்த தேதி, காய் உதிர்ந்த அளவு, ஆலை கொடுத்த விலை ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதினால், எந்த மரத்தை வேறு ரகத்துக்கு ஒட்டுக்கட்டி மாற்றலாம் என்ற முடிவுக்கே அது கை கொடுக்கும். பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தளியில் இஸ்ரேல் தொழில்நுட்ப உதவியோடு அமைந்த மலர்களுக்கான மகத்துவ மையம் இருக்கிறது. ஓசூரில் பட்டு வளர்ச்சித் துறையின் பயிற்சி நிலையம், மத்திகிரியில் 1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை, கோழியின உற்பத்திக்கென்றே ஒரு கல்லூரி. நோட்டைத் திருத்திப் பார்க்கத் தகுதியுள்ளவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒரு விஞ்ஞானி ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பள்ளிக்கு வந்து பத்து நோட்டுகளைப் புரட்டிக் கேள்வி கேட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே பாதி விருது.

இதில் ஓர் ஆபத்து இருப்பதை மறைக்கக் கூடாது. உழைத்த மணி நேரத்துக்கு மதிப்பெண் என்றால், படிப்பை நிறுத்தி வேலை வாங்குவதற்கு அதுவே சாக்காகிவிடும். 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. குடும்ப வேலையில் உதவுவதையும் பள்ளி நேரத்துக்கு வெளியேதான் அனுமதிக்கிறது. ஆகவே விருது விதியில் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். பள்ளி வருகை குறைந்தவருடைய வயல் மணிகள் கணக்கில் சேராது. பூச்சிமருந்து அடித்ததாக எழுதினால் மதிப்பெண் கூடாது, குறையும். பசுமைக்குடிலுக்குள் மருந்து அடிப்பது பெரியவர்களுக்கே கேடு. பிள்ளை எழுத வேண்டியது மருந்து அடித்த கணக்கை அல்ல, மஞ்சள் ஒட்டுப்பொறியில் எத்தனை பூச்சி விழுந்தது என்ற கணக்கை.

ஓசூரைப் பற்றிப் பேசும்போது ஆலையைப் பேசாமல் இருக்க முடியாது. சிப்காட் வந்தது, அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். வந்தது, டைட்டன் வந்தது. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், கெலமங்கலம் சாலையில் கைப்பேசி உதிரிபாகம். பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேடி ஆலைப் பேருந்து கிராமத்து முச்சந்தி வரை வருகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் பல வீடுகளில் திருமண வயதைத் தள்ளிப்போட்டிருக்கிறது, கடனை அடைத்திருக்கிறது. ஆனால் ஆலை அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்க்கிறது, தேர்ச்சியைப் பார்க்கிறது, பெயரைப் பதிவு செய்கிறது, நல்ல வேலைக்குப் பரிசும் கொடுக்கிறது. வயல் அவளுக்கு ஒரு சான்றிதழும் தருவதில்லை. பதினேழு வயதில் ஒரு பிள்ளை எதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பக்கம் தன் திறமைக்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது, மறுபக்கம் எதுவுமே இல்லை. இதைச் சமமான தேர்வு என்று எப்படிச் சொல்வது? வேளாண் பட்டப்படிப்புக்குப் போகலாம், பசுமைக்குடில் மேலாளர் ஆகலாம், நாற்றங்கால் வைக்கலாம், விதை நிறுவனத்தில் சேரலாம் என்ற வழிகளெல்லாம் ஓசூரைச் சுற்றியே இருக்கின்றன. அந்த வழிகளில் போகத் தகுதி தனக்கு உண்டு என்று அவள் நம்புவதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

எல்லைப் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது, சந்தையில் மூன்றும் கலந்த பேச்சு, பள்ளியில் தமிழ். ஓசூர், தளி, பாகலூர் வட்டாரங்களில் தெலுங்குவழி, கன்னடவழிப் பள்ளிகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்கிறார்கள், நல்லது. ஆனால் தமிழ்வழியில் படித்தவருக்கு மட்டும் என்று வரையறுத்த விருது, கன்னடவழியில் படிக்கும் தளிப் பையனுக்குக் கிடைக்காது. ஆங்கிலப் படிவமோ எவருக்குமே கைவராது. குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் தாய்மொழியில் ஆய்வை எழுத இடம் உண்டு. அதுதான் சரியான முன்மாதிரி. வேளாண் கணக்கேட்டை எந்த மொழியில் எழுதினாலும் ஏற்க வேண்டும். எடையும் தேதியும் விலையும் எல்லா மொழியிலும் ஒரே எண்கள்தான். நேர்காணலை வயலிலேயே நடத்தினால் மொழிச் சிக்கல் இன்னும் குறையும். செடியைக் காட்டிப் பேசும் பிள்ளைக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடு இருக்காது.

வேளாண் கல்லூரி அளவில் நிலைமை ஓரளவு பரவாயில்லை. இறுதியாண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி உழவர்களோடு வேலை செய்யும் பயிற்சி கட்டாயமாக இருக்கிறது. பட்டமளிப்பு விழாவில் பதக்கங்களும் உண்டு. அந்தப் பதக்கங்கள் பெரும்பாலும் மதிப்பெண் சராசரிக்குத்தான் என்பது குறை. பள்ளிப் பருவத்தைத்தான் நாம் வெறுமையாக விட்டிருக்கிறோம்.

புது விருது வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். இன்றே செய்யக்கூடியவை இருக்கின்றன. இன்ஸ்பயர் விருதுக்குத் தலைமையாசிரியர் பெயர் கொடுக்காவிட்டால் மாணவர் எதுவும் செய்ய முடியாது, ஆகவே பெற்றோர் கூட்டத்தில் “இந்த ஆண்டு நம் பள்ளியிலிருந்து யார் யாருக்குக் கொடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கு அப்படிக் கேட்கும் உரிமை முழுதாக உண்டு. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். தெலுங்கு, கன்னடப் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி எழுதியதால் வரும் குழப்பம் இந்தப் பகுதியில் சாதாரணம். கடைசி நாளில் அதைத் திருத்த முடியாது. படம் எடுக்கும்போது பிள்ளை பயிருக்கு முன்னால் நிற்கும் படம் வேண்டாம், வேலை செய்யும் படம் வேண்டும். தேதி தெரிய வேண்டும். விண்ணப்பத்தில் ‘விவசாயத்தின் முக்கியத்துவம்’ என்று அரைப்பக்கம் எழுதுவதை விட்டுவிட்டு, முதல் வரியிலேயே என்ன செய்தேன், எத்தனை சென்டில், எத்தனை மாதம் என்று எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் திருத்தலாம்; ஆசிரியரே எழுதக் கூடாது. பிள்ளையின் சொல்லில் இருக்கும் உண்மையை எந்த அலங்காரமும் ஈடுசெய்யாது.

பணம் கட்டினால் விருது என்று அழைப்பிதழ் அனுப்பும் அமைப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். ‘பதிவுக் கட்டணம்’ என்று கேட்டு, நட்சத்திர விடுதியில் விழா வைத்து, பளபளப்பான கேடயம் கொடுப்பார்கள். கல்லூரிச் சேர்க்கையில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. கட்டுகிற பணத்தில் ஒரு மூட்டை வேப்பம் பிண்ணாக்கு வாங்கலாம்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே. ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. நல்ல கனிகளைக் காட்சிக்கு வைத்த உழவர்களுக்கு அதே மேடையில் பரிசு கொடுக்கிறார்கள். வரும் கண்காட்சியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கும் ஒரு பரிசுப் பட்டியல் சேரட்டும். சொந்த நிலத்தில் செய்தவர்களுக்கு ஒரு வரிசை, பிறர் பண்ணையில் கற்றவர்களுக்கு ஒரு வரிசை, பயிர், பூ, பட்டு, கால்நடை என்று பிரிவுகள், எந்த மொழியிலும் எழுதிய கணக்கேடு, வயலில் நேர்காணல், வருகைப்பதிவு கட்டாயம். முதன்மைக் கல்வி அலுவலரும் தோட்டக்கலைத் துணை இயக்குநரும் பட்டு வளர்ச்சித் துறையும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விதிகளை எழுதிவிடலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அறிவித்தால், அடுத்த மாம்பழப் பருவத்துக்குள் பிள்ளைகளிடம் ஓர் ஆண்டுக் கணக்கு தயாராக இருக்கும். ஆசிரியர்களே, அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே நோட்டைத் தொடங்கச் சொல்லுங்கள்.